வீடு மட்டுமல்ல, வீதியும்

புதுச்சேரியில் பழைய வீடு வைத்திருப்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒருவர், "என் சொந்த வீட்டில் ஒரு ஜன்னலை மாற்றக்கூட ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள்" என்று சலித்துக்கொள்வார். இன்னொருவர், "எதிர்வீட்டைத் தரைமட்டமாக்கி மாடிமேல் மாடி எழுப்புகிறார்கள், கேட்க நாதியில்லை" என்று வருத்தப்படுவார். இருவரும் ஒரே தெருவில் இருப்பார்கள். சில சமயம் காலையில் முதலாவதைச் சொன்னவரே மாலையில் இரண்டாவதையும் சொல்வார்.

அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்தவன் என்பதால் என்னிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். "நம் வீட்டை இடிக்க அடுத்தவன் அனுமதி எதற்கு? இது எங்கே கிளம்பிய வழக்கம்?" என்பார்கள். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு மொழியில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்துச் சட்டங்களையும் ஆர்வத்தோடு படித்து வைத்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நம் ஊர். புதுச்சேரியின் நேர்நேரான தெருக்களைப் பார்த்து "பிரெஞ்சுக்காரன் போட்ட கோடு" என்று பெருமையாகச் சொல்வோம். உண்மையில் அந்தக் கோட்டை வரைந்து தொடங்கி வைத்தவர்கள் டச்சுக்காரர்கள். 1693 முதல் 1699 வரை ஊர் அவர்கள் கையில் இருந்தது. கட்டம் போட்ட தெரு அமைப்பு அவர்கள் வரைபடத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதையே வளர்த்தார்கள். பிறகு 1761-இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தள்ளினார்கள். 1765-க்குப் பிறகு அதே அடித்தளத்தின்மீது ஊர் மறுபடி எழுந்தது. ஆகவே இன்று நாம் "பழைய வீடு" என்று சொல்பவை ஏறக்குறைய எல்லாமே அந்த இடிபாட்டுக்குப் பிறகு வந்தவை. ஒருமுறை முழுதாக இடிபட்டு எழுந்த ஊர் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி. கிழக்கே வீடு தெருவுக்கு முதுகு காட்டியபடி நிற்கும். உயர்ந்த மதில், பெரிய கதவு, உள்ளே தோட்டம், அதற்கப்பால் தூண்கள் நிற்கும் வராந்தா. மேற்கே வீடு தெருவைப் பார்த்துப் பேசும். வாசலில் மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம், அதன் பின்னே திண்ணை, பிறகு தலைவாசல், நடை, முற்றம். தாழ்வாரம் வழிப்போக்கனுக்கு, திண்ணை தெரிந்தவர்களுக்கு, முற்றம் வீட்டாருக்கு. பல தெருக்களில் கீழ்த்தளம் இப்படித் தமிழ் வீடாகவும், மாடி வளைவு ஜன்னலும் அரைத்தூணும் கொண்ட பிரெஞ்சு முகமாகவும் இருக்கும். இந்தக் கலப்பைப் பாரிசிலும் பார்க்க முடியாது, கும்பகோணத்திலும் பார்க்க முடியாது.

அந்தத் தாழ்வாரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவை தனித்தனியாக நிற்கவில்லை. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடியும் இடத்தில் அடுத்த வீட்டுத் தாழ்வாரம் தொடங்கும். மழைக்காலத்தில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை குடையில்லாமல் நடந்துபோன நினைவு என் வயதுக்காரர்கள் பலருக்கு இருக்கும். நடுவில் ஒரு வீடு இடிந்து, புது வீட்டுக்காரர் தாழ்வாரம் வைக்காமல் இரும்புக் கேட் வைத்துவிட்டால் நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல. அந்த நிழல்பாதை அங்கே அறுந்துபோகிறது. நான் சொல்லவரும் விஷயத்தின் வேர் இதில்தான் இருக்கிறது.

இப்போது பிரான்சுக்குப் போவோம். அங்கே பழைய கட்டடங்களைக் காப்பாற்ற அரசாங்கமே ஆள் வைத்தது 1830-இல். 1834-இல் அந்த வேலைக்கு வந்தவர் ப்ரோஸ்பேர் மெரிமே. பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு இவர் "மத்தேயோ ஃபால்கோன்" கதை எழுதியவர். "கார்மென்" எழுதியவரும் இவர்தான். கதாசிரியர் என்று மட்டுமே பள்ளியில் தெரிந்துகொண்ட மனிதர், கோச்சு வண்டியில் ஊர் ஊராகப் போய் இடியப்போகும் கோயில்களையும் கோட்டைகளையும் குறிப்பெடுத்த அதிகாரி என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. காப்பாற்ற வேண்டியவற்றின் முதல் பட்டியல் 1840-இல் வந்தது.

1913 டிசம்பர் 31-ஆம் தேதிச் சட்டம் அந்தப் பட்டியலுக்குப் பல் கொடுத்தது. பட்டியலில் ஏறிய கட்டடத்தை உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஆனால் அந்தச் சட்டம் பார்த்தது ஒற்றைக் கட்டடத்தை மட்டுமே. மாதா கோயிலைக் காப்பாற்றலாம், அதன் எதிரே பத்து மாடி எழுந்தால் தடுக்க முடியாது. இந்தக் குறையைச் சரிசெய்ய 1943-இல் இன்னொரு சட்டம் வந்தது. பட்டியலில் உள்ள கட்டடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அதன் பார்வையில் படும் எந்தக் கட்டடத்தையும் மாற்ற வேண்டுமானால் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். வீட்டிலிருந்து வீதிக்கு சட்டம் இறங்கிவந்த முதல் படி அது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சில் வீட்டுப் பஞ்சம். பழைய நகரப் பகுதிகளில் கழிப்பறை கிடையாது, வெளிச்சம் கிடையாது. "எல்லாவற்றையும் புல்டோசர் விட்டு இடித்துப் புதிதாகக் கட்டு" என்பதே அன்றைய நிர்வாகத்தின் போக்கு. லியோன் நகரத்தில் மேயரே பழைய பகுதியை அறுத்துக்கொண்டு ரோடு போட விரும்பினார். அங்கு குடியிருந்தவர்கள் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். அந்தக் காலத்தில் பண்பாட்டு அமைச்சராக இருந்தவர் எழுத்தாளர் அந்த்ரே மல்ரோ. அவர் பெயரால் அழைக்கப்படும் சட்டம் 1962 ஆகஸ்ட் 4-ஆம் தேதி வந்தது. தனிக் கட்டடத்துக்குப் பதில் ஒரு முழுப் பகுதியையே காக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கலாம் என்றது அது. 1964-இல் முதன்முதலாக அப்படி அறிவிக்கப்பட்டது லியோனின் அதே பழைய பகுதிதான்.

தேதியைக் கவனியுங்கள். 1962 ஆகஸ்ட் 4. நம் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. நடுவில் 12 நாள். 1954 நவம்பர் 1 முதலே நிர்வாகம் இந்தியாவிடம் இருந்ததால் அந்தச் சட்டம் இங்கே வருவதற்கு வழியே இல்லை என்பது வாஸ்தவம். இருந்தாலும் எனக்கு அந்த 12 நாள் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கும். பிரான்சு தன் பழைய தெருக்களைக் காக்கக் கற்றுக்கொண்ட அதே மாதத்தில், தன் கட்டடங்களை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. வீடுகள் நமக்கு வந்தன. அவற்றைக் காக்கும் முறை வரவில்லை.

அந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று ஒரு குமாஸ்தாவின் கண்ணோடு பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். பிரான்சில் பாதுகாக்கப்பட்ட பகுதியில் ஒருவர் தன் வீட்டு ஜன்னலை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக் ஜன்னல். அல்லது சுவருக்கு வேறு நிறம். அவர் போக வேண்டிய இடம் நகராட்சி. நாம் "மேரி" என்று சொல்வோமே, அதேதான். அங்கே ஒரு முன்னறிவிப்புப் படிவம் கொடுக்கிறார். வரைபடம், புகைப்படம், என்ன சாமான் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். சாதாரணப் பகுதியென்றால் ஒரு மாதம் கெடு. பாதுகாக்கப்பட்ட பகுதியென்றால் இரண்டு மாதம். அந்தக் கூடுதல் மாதம், அரசாங்கத்தின் கட்டடக்கலைஞர் ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சில இடங்களில் அவர் சொல்வது வெறும் ஆலோசனை. மேயர் கேட்கலாம், கேட்காமலும் விடலாம். வேறு சில இடங்களில் அவர் ஒப்புதல் இல்லாமல் மேயர் கையெழுத்தே போட முடியாது. இரண்டாவது வகையில் மேயருக்குப் பிடிக்கவில்லையென்றால் மேலே, வட்டார அரசு அதிகாரியிடம் முறையிடலாம். ஆக, உள்ளூர்க்காரர் கையில் கோப்பு இருக்கும், ஆனால் உள்ளூர் நெருக்கடிக்கு வளையாத ஒருவர் கையெழுத்தும் வேண்டும். வாக்கு கேட்டு ஜெயித்த மேயரால் தன் வாக்காளரிடம் "முடியாது" என்று சொல்வது கஷ்டம். அந்தக் கஷ்டத்தை வேறொருவர் தலையில் வைத்த ஏற்பாடு இது.

காக்கப்பட்ட வட்டாரங்களில் முகப்போடு நிற்பதில்லை. அந்தப் பகுதிக்கென்று தனித் திட்டம் எழுதி, தேவைப்பட்ட இடத்தில் உள்ளே இருக்கும் மாடிப்படி, முற்றம், கூரைச் சட்டம்வரை எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று குறிக்கிறார்கள். பழுதுபார்க்கச் செலவு செய்யும் உரிமையாளருக்கு வருமான வரியில் சலுகையும் உண்டு. கட்டுப்பாடு ஒரு கையில், காசு மறு கையில்.

எல்லாம் நல்லதாக முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாரிசின் மாரே பகுதி அந்தச் சட்டத்தால் காப்பாற்றப்பட்டது. இடிந்து விழ இருந்த மாளிகைகள் பளபளவென்று ஆயின. ஆனால் அந்த மாளிகைகளின் முற்றங்களில் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை நடத்திக்கொண்டிருந்த சிறு தொழிலாளிகளும், ஒற்றை அறைக் குடித்தனங்களும் மெல்ல வெளியேற வேண்டியதாயிற்று. வாடகை ஏறியது, ஆட்கள் மாறினார்கள். கல் பிழைத்தது, குடி போய்விட்டது. நம் கிழக்குப் பகுதித் தெருக்களில் ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். எத்தனை வீட்டில் குடும்பம் இருக்கிறது, எத்தனை வீட்டில் ஓட்டல் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான் சொல்வது விளங்கும்.

பிரான்சைவிட நமக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. நியூ ஓர்லியன்ஸ், 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய ஊர். நம்மைப் போலவே பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன தெருக்களை வேறு நாட்டுச் சட்டத்தின்கீழ் காக்க வேண்டிய நிலை அவர்களுக்கு. அமெரிக்காவில் ஒரு பகுதி முழுவதையும் காக்க முதலில் விதி செய்த நகரம் சார்ல்ஸ்டன், 1931-இல். நியூ ஓர்லியன்ஸ் 1936-இல் மாகாண அரசியல் சாசனத்தையே திருத்தி, 1937-இல் நகர சபையின் விதி மூலம் தன் பழைய சதுக்கத்துக்கு ஓர் ஆணையத்துக்கு அதிகாரம் கொடுத்தது. அதன் பெயரே பிரெஞ்சில் "வியூ காரே", அதாவது பழைய சதுக்கம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து வகைப்படுத்தியிருக்கிறார்கள். நாட்டுக்கே முக்கியமானது ஒரு நிறம், ஊருக்கு முக்கியமானது இன்னொரு நிறம், பொருந்தாமல் நிற்பது வேறு நிறம். நிறத்தைப் பொறுத்து எவ்வளவு மாற்றலாம் என்பது மாறும்.

அங்கே ஒரு பெட்ரோல் பங்க் வழக்கு நடந்தது. அந்தப் பகுதியில் பங்க் வைத்திருந்தவர் அளவுக்கு மீறிய விளம்பரப் பலகை வைத்தார். "என்னுடையது புதுக் கட்டடம். பழைய கட்டடத்துக்குச் செய்த விதி எனக்கு எப்படிப் பொருந்தும்?" என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தானே இருக்கிறது? 1941-இல் லூயிசியானா உச்ச நீதிமன்றம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாதுகாப்பது தனித்தனிப் பழைய வீடுகளை மட்டுமல்ல, அவை எல்லாம் சேர்ந்து தரும் முழுத் தோற்றத்தை என்றது. அதற்கு அந்த ஆங்கிலத் தீர்ப்பில் பயன்படுத்திய சொல் பிரெஞ்சுச் சொல்: "து தான்சாம்பிள்". எல்லாம் ஒன்றாக, ஒட்டுமொத்தமாக என்று பொருள். இதைப் படித்தபோது எனக்கு நம் தாழ்வாரங்கள்தான் ஞாபகம் வந்தன. நடுவீடு போனால் நிழல்பாதை அறும் என்று நாம் அனுபவத்தில் அறிந்ததை அந்த நீதிமன்றம் சட்டமாகச் சொல்லியிருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். நம் மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சட்டம் கோயில், கோட்டை, கல்வெட்டு இவற்றைக் காக்கும். ஆள் குடியிருக்கும் வீட்டை, தெருவை அது தொடாது. குடியிருக்கும் நகரத்துக்கென்று முதலில் வழி செய்தது பம்பாய். 1995-இல் அங்கே மரபுக் கட்டட விதிகள் வந்தன. கட்டடங்களை மூன்று தரமாகப் பிரித்தார்கள். மாற்ற விரும்புபவரின் விண்ணப்பம் ஒரு நிபுணர் குழுவுக்குப் போகும். கூடுதல் மாடி கட்டும் வாய்ப்பை இழப்பவருக்கு அந்த உரிமையை வேறு இடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ ஒரு வழியும் வைத்தார்கள். கட்டுப்படுத்தினால் ஈடு கொடுக்க வேண்டும் என்ற எண்ணமாவது அதில் இருந்தது.

நம் ஊரில் நகர ஊரமைப்புச் சட்டம் 1969-இலேயே உண்டு. கட்டட விதிகளும் உண்டு. ஆனால் இப்படிப்பட்ட விதிகள் பொதுவாகக் கேட்பது என்ன? எவ்வளவு உயரம், ரோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி, மொத்தம் எத்தனை சதுர மீட்டர். இவை புதுக் காலனிக்கு ஏற்ற கேள்விகள். சுவரோடு சுவர் ஒட்டி, தெருவோரத்திலேயே தாழ்வாரம் இறக்கிய பழைய தமிழ் வீட்டை இந்த அளவுகோல் வைத்து அளந்தால் தாழ்வாரம் ஆக்கிரமிப்பாகத் தெரியும். தள்ளிக் கட்டிய காங்கிரீட் வீடு ஒழுங்காகத் தெரியும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அளவுகோல் அப்படி.

1984-இல் டெல்லியில் தொடங்கிய இந்தியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையின் கிளை, சுருக்கமாக எல்லோரும் "இன்டாக்" என்று சொல்வது, புதுச்சேரியில் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்தது. 1990-களின் கணக்கில் 1,800-க்கு மேல் இருந்தன. பிறகு எடுத்த கணக்கில் அது சுமார் 1,200-ஆகக் குறைந்திருந்தது. இழப்பு அதிகம் வாய்க்காலுக்கு மேற்கேதான். கிழக்கே பெரும்பகுதி அரசு, ஆசிரமம், பிரெஞ்சு நிறுவனங்கள், ஓட்டல்கள் என்று பெரிய கைகளில் இருந்தது. மேற்கே வீடுகள் அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, சித்தப்பா பிள்ளைகள் என்று பங்கு பிரிந்த கைகளில் இருந்தன.

பிற்பாடு மாநில அளவில் மரபுக் கட்டடங்களுக்கு ஆலோசனைக் குழு அமைந்தது. பட்டியலும் தரப்பிரிவும் வந்தன. ஆனால் அதன் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், ஆலோசனை. பிரான்சில் நான் சொன்ன இரண்டு வகையில் முதல் வகை அது.

என் சர்வீசில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் வயதான அம்மா ஒருவர் கையில் மஞ்சள் பையோடு எங்கள் பிரிவுக்கு வந்தார். பையில் நொத்தேர் எழுதிய பழைய பிரெஞ்சுப் பத்திரம். அதைப் படித்துச் சொல்ல என்னிடம் அனுப்பியிருந்தார்கள். தாத்தா கட்டிய வீடு. ஏழு பங்கு. இரண்டு பங்குக்காரர்கள் பிரான்சில், ஒருவர் ரெயூனியனில். கூரை மெட்ராஸ் டெரஸ், உத்தரத்தில் கரையான். தேக்குக்கு விலை கேட்டால் தலை சுற்றுகிறது. சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி கிடைப்பதில்லை. கிடைத்தாலும், "எதுக்கும்மா இந்தப் பாடு, இடிச்சிட்டு காங்கிரீட் போட்டுடுவோம், பாதிச் செலவுதான்" என்கிறார்.

"அய்யா, இந்த வீட்ட இடிக்காதீங்கன்னு சொல்ல நாலு பேரு வராங்க. உத்தரத்த மாத்திக் குடுக்க ஒருத்தரும் வரலையே" என்றார் அந்த அம்மா.

பத்திரத்தைப் படித்துச் சொன்னேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல எந்தப் பிரிவிலும் மேசை இல்லை. பழைய கட்டடம் பற்றி எத்தனை கூட்டம் நடந்தாலும், எத்தனை பேச்சுக் கேட்டாலும், அந்த அம்மாவின் கேள்வியைத்தான் நான் உரைகல்லாக வைத்திருக்கிறேன். இந்த ஏற்பாட்டில் உத்தரத்துக்கு என்ன வழி?

அந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு தடவை பதில் கிடைத்தது. வைசியாள் வீதியில். கலவை சுப்பராயச் செட்டியார் வீதி என்று எழுதினாலும் நம் வாயில் வருவது வைசியாள் வீதிதான். 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் "ஆசியா அர்ப்ஸ்" திட்டத்தில் புதுச்சேரி, இத்தாலியின் உர்பீனோ, பிரான்சின் வில்னேவ்-சூர்-லோ ஆகிய மூன்று ஊர்களும் கூட்டுச் சேர்ந்தன. இன்டாக் வேலையை நடத்தியது. சுமார் 20 வீடுகள் கொண்ட ஒரு துண்டுத் தெருவை எடுத்துக்கொண்டு, முகப்பு, தாழ்வாரம், திண்ணை எல்லாவற்றையும் ஒரே வரிசையாகச் சீர்செய்தார்கள். செலவில் திட்டம் ஒரு பங்கு, உரிமையாளர் ஒரு பங்கு. ஏற்கெனவே மாறிப்போயிருந்த முகப்புகளும் வரிசையோடு ஒத்துப்போகும்படி திருத்தப்பட்டன. 2008-இல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

அங்கே மூன்று காரியங்கள் சரியாக அமைந்தன. ஒன்று, இடித்தபிறகு வந்து கேட்கவில்லை. இடிக்கும் எண்ணம் வருமுன்னே வீட்டுக்காரரிடம் போய்ப் பேசினார்கள். இரண்டு, வீட்டை மட்டும் பார்க்காமல் வீதியைப் பார்த்தார்கள். மூன்று, பையில் கை விட்டார்கள். அதன்பிறகு அந்த அளவில் இன்னொரு தெரு முழுசாக அப்படி எழவில்லை என்பதே வருத்தம்.

ஏழைக் குடும்பத்தால் பழைய வீட்டைப் பராமரிக்க முடியவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். அரசாங்கத்தின் வீடு? 2014 நவம்பர் 29-ஆம் தேதி, மழையில், கடற்கரைச் சாலையில் இருந்த நம் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870-களில் எழுந்த கட்டடம். கல்யாணம் பதிந்தது, பிறப்பு எழுதியது என்று இந்த ஊரில் அந்தக் கட்டடத்தோடு ஒட்டு இல்லாத குடும்பம் குறைவு. தனியார் வீட்டு ஜன்னலுக்கு அனுமதி கொடுக்கும் வேலை நகராட்சியின் வேலை என்றால், அந்த நகராட்சியின் கூரையே முதலில் விழுந்தது. உலக வங்கிக் கடனில் பழைய தோற்றத்திலேயே அதைத் திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பழைய மேரி இல்லை, பழைய மேரியின் படம் போட்ட புதுக் கட்டடம்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. அனுமதி முறை என்பது "மாற்றாதே" என்று சொல்வதற்கு மட்டும் இருந்தால் போதாது. எதையும் மாற்றாமல், ஆனால் ஒரு ஓட்டையும் அடைக்காமல் விட்டுவைத்தால் பத்து மழையில் கட்டடம் தானாகவே இடிந்துவிடும். எந்தக் குழுவுக்கும் விண்ணப்பம் போகாது, எந்தக் கோப்பிலும் கையெழுத்து விழாது. மழைக்கு அனுமதி தேவையில்லை அல்லவா?

மொத்தத்தில், எந்த ஊராயிருந்தாலும் பழைய பகுதியில் கட்டட அனுமதிக்கு மூன்று கேள்விகளை வைத்து மதிப்பெண் போடலாம் என்பது என் கணக்கு. இடிக்குமுன் கேட்கிறார்களா, இடித்தபின் கேட்கிறார்களா? கேட்டவருக்குக் கெடுவுக்குள் பதில் வருகிறதா, இல்லை கோப்பு மேசைக்கு மேசை நடக்கிறதா? ஊருக்காகச் செலவு செய்யச் சொன்னால் ஊர் தன் பங்கைக் கொடுக்கிறதா? பிரான்சுக்கு இந்த மூன்றையும் கற்க 1913 முதல் 1962 வரை, ஏறக்குறைய 50 வருஷம் பிடித்தது. அப்புறமும் குடித்தனக்காரனை மறந்தது. நாம் முதல் கேள்வியில் பாதி தேறியிருக்கிறோம். இரண்டாவதில் கெடு என்று ஒன்று இருந்தால்தான் மதிப்பெண் போட முடியும். மூன்றாவதில் வைசியாள் வீதி ஒன்றே நம் விடைத்தாள்.

வாய்க்காலுக்கு மேற்கே பழைய வீட்டில் இன்னும் இருப்பவர்களுக்கு, வயதில் மூத்தவன் என்ற முறையில் மட்டும் சில வார்த்தை. வீட்டை எல்லாப் பக்கமும் இன்றே படம் எடுத்து வையுங்கள். பழுதுபார்க்க நிதி வரும் காலத்தில் பழைய தோற்றத்துக்கு அதுவே சாட்சி. பங்காளிகள் வெளிநாட்டில் இருந்தால் பத்திரத்தை இப்போதே சரிசெய்துவிடுங்கள். பல வீடுகள் போனதற்குக் கரையான் காரணமில்லை, கையெழுத்துச் சேராததுதான் காரணம். கூரையில் ஒழுகும் இடத்தை ஐப்பசிக்கு முன்னே அடையுங்கள். மேஸ்திரி "இடிச்சிடலாம்" என்றால், சுண்ணாம்பு வேலை தெரிந்த இன்னொருவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்படியும் முடியாமல் தாழ்வாரத்தின் மரத்தூணைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றால், முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லுங்கள். சட்டம் கேட்கச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவர் வீட்டு ஓடும் அந்தத் தூணின்மேல்தான் சாய்ந்துகொண்டிருக்கும்.